வெட்கம் யாருக்கு?

தஞ்சை அரசவைக் கணிகை முத்துப்பழனி 18ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் எழுதிய காவியம் ‘ராதிகா சாந்த்வனம்’. அதில் வேட்கையைச் சொல்பவள் ராதை. கெஞ்சித் தேற்றுபவன் கண்ணன். பெண் காதால் கேட்கவும் தகாதவை அதில் உண்டு என்றார் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம். 1910இல் அந்நூலை முழுமையாகப் பதிப்பித்த பெங்களூர் நாகரத்தினம்மா, வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தானா என்று திருப்பிக் கேட்டார். 1911இல் ஆங்கிலேய அரசு நூலைத் தடைசெய்தது. தடை நீங்கியது 1947இல்தான்.

தடைசெய்யப்பட்டதாலேயே ஒரு நூல் உயர்ந்துவிடாது. துணிச்சலைப் புகழ்ந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாமல் இருப்பதும் ஒருவகைப் புறக்கணிப்பே. ராதை, தான் வளர்த்த இளாவைக் கண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் பொறாமையில் வேகிறாள். ராதையின் ஆசையைக் கொண்டாடும் நானே கேட்கிறேன்: அந்த இளம்பெண்ணின் மனதுக்கு அங்கே எவ்வளவு இடம்? இதைக் கேட்கவும் நூல் நம் கையில் இருக்க வேண்டும்.