உழைப்பவரின் உடை

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்தபின் இளைஞர் ஒருவர், தாம் அணிந்திருந்த தடித்த நீலச் சட்டையை நம்மிடம் காட்டினார். பிரெஞ்சு ஆலைத் தொழிலாளர் முற்காலத்தில் உடுத்தியதை அப்படியே பார்த்துத் தைத்ததாம். விலையைக் கேட்டு வியந்தோம். கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வரும் கூலியாளுக்கு அது பல நாள் கூலி.

உழைப்பவரின் உடையை அழகுக்காக உடுத்துவது தவறா? தவறென்று சொல்லத் துணியோம். உறுதியான துணியையும் நேர்த்தியான தையலையும் விரும்புவது நல்ல குணமே. 1873-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற, பையோரங்களில் செப்பு ஆணி அடித்து வலுவூட்டிய கால்சட்டையும் உழைப்பாளருக்கென்றே பிறந்தது. இன்று உலகமே அதை உடுத்துகிறது. உடையை மதித்து, அதை உடுத்தி உழைப்பவரை மதியாதிருப்பதே தவறு.

1940-களில் பிரான்சு நாட்டுக் குருக்கள் சிலர் அங்கியைக் களைந்து, தொழிலாளரின் உடையணிந்து, ஆலைகளில் கூலிக்கு உழைத்தனர். 1954-இல் உரோமை அதனைத் தடுத்தது. 1965-இல் மீண்டும் இசைந்தது. அவர்கள் உடையோடு வியர்வையையும் ஏற்றனர்.

இதை அவ்விளைஞருக்குச் சொல்ல முனைந்தோம், நா எழவில்லை. பெரிய வியாழனன்று இடையில் துண்டு கட்டிப் பாதம் கழுவுகிறோமே, அதுவும் பணியாளரின் உடையன்றோ? ஆண்டுக்கொருமுறை அணிந்து கழற்றிவிடுகிறோம். இவ்வாண்டு அதற்கு முந்திய நாள், பங்கு இல்லத்துக் கிணற்றடியைத் துப்புரவு செய்ய மலையிலிருந்து வந்த முதியவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லவும் நமக்குத் தோன்றவில்லை. அவர் பெயரையும் கேட்கவில்லை.

சட்டையைக் கழற்ற வேண்டாம், தம்பி. அவர் மறுபடி வரும்போது, நீயும் நாமும் அவரோடு அமர்ந்து பேசுவோம்.