கிலோவும் அரைப்புள்ளியும்

இலங்கையில் பதினோராம் தரத்துத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பஸ்கால் வருகிறது. நிக்லவுஸ் விர்த் 1970இல் வெளியிட்ட மொழி. படிப்பிப்பதை மனதில் வைத்தே கட்டியது. உயர்தரத்துக்குப் போனால் பைதன். ஹட்டன் பக்கத்துப் பிள்ளைக்கு முதற் செய்நிரலாக லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த தேயிலைக் கொழுந்துக் கணக்கையே கொடுக்கலாம். குறித்த கிலோ எடுத்தால் முழுப் பேர், அதாவது முழுநாட் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. 18 என்று வைப்போம்.

*

கிலோ ஒரு மாறி. நிறுவைக்கு நிறுவை வேறு எண் அதில் வந்து உட்காரும். நாட்சம்பளம் மாறிலி. செய்நிரலின் தலையில் ஒருமுறை எழுதிவிட்டால், ஓடும்போது கீழேயுள்ள எந்த வரியாலும் அதைத் தொட முடியாது. நிறுத்திவிட்டு மேலே போய்த்தான் திருத்த வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கு நாளுக்கு 1000 ரூபா கேட்டு எத்தனை வருடப் போராட்டம்! 2021இல்தான் அது சம்பளச் சபை வழியாக வந்தது. 2024இல் 1350.

*

பேர் எந்த வகை? முழு எண் என்று அறிவித்தால் 0.5ஐ அதில் வைக்கத் தொகுப்பான் விடாது. அரைப் பேர் என்று ஒன்று இருப்பதாலேயே தசம வகை தேவைப்படுகிறது.

*

கிலோ := கிலோ - 2;

ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு. கணித பாடம் படித்த பிள்ளை இங்கே தயங்கும்: கிலோ எப்படிக் கிலோவை விட இரண்டு குறைவாக இருக்கும்? இது சமன்பாடு அல்ல, கட்டளை. வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கத்தில் வை. தனிச் சமக்குறி ஒப்பிடுவதற்கும், தலையில் மாறிலியை அறிவிப்பதற்கும். முந்திய அல்கோல் மொழியில் இருந்த இந்தப் பிரிவை விர்த் விடாமல் வைத்திருந்தது தொடக்கக்காரருக்குப் பெரிய உபகாரம் என்பேன்.

இந்த வரி எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். 19 கிலோ எடுத்தவருக்கு, ஒப்பிடும் முன்பே கழித்தால் 17, அரைப் பேர். ஒப்பிட்ட பிறகு கழித்தால் முழுப் பேர். வரிகள் அவையேதான், வரிசைதான் வேறு.

*

நெளி அடைப்புக்குள் எழுதுவதைக் கணினி படிக்காது. மழை, வழுக்கும் சரிவு, பிள்ளை மடுவத்தில் காய்ச்சலோடு விட்டுவந்த குழந்தை என எதையும் அங்கே எழுதலாம்.

*

இஃப் கிலோ >= 18 தென்
  பேர் := 1
எல்ஸ்
  பேர் := 0.5;

எல்ஸுக்கு முன்னால் அரைப்புள்ளி போட்டால் இஃப் அங்கேயே முடிந்துவிடும், எல்ஸ் அநாதையாகும், தொகுப்பான் உடனே மறிக்கும். ஆனால் >= வர வேண்டிய இடத்தில் வெறும் > போட்டுப் பாருங்கள். ஒரு முறைப்பாடும் வராது. செய்நிரல் அழகாக ஓடும். கழிவு போகச் சரியாக 18 கிலோ எடுத்த பெண்ணுக்கு மட்டும் அரைநாள் போய்விடும். தொகுப்பான் இலக்கணம் பார்க்கிற கணக்கப்பிள்ளை. நியாயம் பார்ப்பது அதன் வேலை அல்ல.

ஆகவே பிள்ளைகளே, பிழை காட்டவில்லை என்று எழுந்து போகாதீர்கள். கழிவு போக 17, 18, 19 வருமாறு மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள்.