கல்மரமும் அருவுருவமும்

அறியாத பொருளுக்குப் பெயர் வைப்பதில் ஓர் இடர் உண்டு. பெயர் வாய்த்த அளவிலேயே பொருளும் விளங்கிவிட்டது என்று மனம் அமைதி கொண்டுவிடும். விளக்கத்துக்கு அடங்காதவற்றுக்குச் சூட்டப்படும் சொற்கள் எந்த அளவுக்கு அறிவாகும் என்னும் வினா, இறைமையைச் சொல்லால் சுட்ட முனையும் எல்லாச் சமயங்களுக்கும் பொதுவானது. அதை ஆராயப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் பொருத்தமான களமாகும்; ஏனெனில் மண்ணிலிருந்து வெளிப்பட்டு வியப்பூட்டிய பொருள்களும், சொல்லுக்கு அப்பாற்பட்டதைக் குறிக்கக் கருவறையில் நிறுவப்பட்ட திருமேனியும் இந்நிலத்தில் ஒருங்கே உள்ளன.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் இதைப் பற்றி அறிவித்தார். பார்வைக்கு மரமாகவும் தொட்டால் பாறையாகவும் இருக்கும் இதனைக் கல்மரம் என்பர். ஒன்றோடொன்று பொருந்தாத இரு பெயர்களை அருகருகே நிறுத்தி, எதனையும் விட்டுக்கொடுக்காத சொல் இது. பொருளின் முரணை மறைக்காமல் பெயருக்குள்ளேயே வைத்திருக்கிறது. பின்னர் வந்த விளக்கம் அம்முரணைத் தீர்த்தது: கிரெட்டேசியக் காலம் எனப்படும், ஏறத்தாழ 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலப்பகுதியில், வண்டலுக்குள் புதைந்த மரத்தின் நுண்ணறைகளில் நீரில் கரைந்திருந்த சிலிக்கா புகுந்து படிந்தமையால், மரத்தின் அமைப்பு நிலைத்திருக்க அதன் பொருள் மட்டும் கல்லாயிற்று.

எல்லாப் பெயர்களும் இவ்வாறு வினாவைத் திறந்து வைப்பதில்லை. 2020இல் குன்னம் பகுதியில் வெளிப்பட்ட உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்ற செய்தி விரைந்து பரவியது. அவை அம்மோனைட் என்னும் கடலுயிரிகளோடு தொடர்புடைய படிவ உருண்டைகள் என்று அறிந்தோர் பின்னர் விளக்க வேண்டியிருந்தது. முட்டை என்ற சொல் அறியாததை அறிந்ததாக மாற்றிக் காட்டியமையால், மேற்கொண்டு கேட்பதற்கு இடமில்லாமல் போயிற்று. அம்மோனைட் என்பது சுருள் சுருளான ஓடுடைய, இன்று அழிந்துபோன உயிரினம். அப்பெயரே ஆட்டுக்கொம்புடையவனாகக் கருதப்பட்ட எகிப்தியக் கடவுள் அமோனிலிருந்து வந்தது. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அதே இனத்துப் புதைபடிவத்தை வைணவர் சாளக்கிராமம் என்று போற்றி, அதன் சுருளைத் திருமாலின் சக்கரமாகக் கொண்டு வழிபடுகின்றனர். சாளக்கிராமம் என்னும் பெயர் அக்கல் எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சொல்ல வந்ததன்று. அதன்முன் மனிதன் எவ்வாறு நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது. ஆகவே புவியியலாரின் விளக்கத்தோடு அதற்குப் பகை இல்லை.

இவற்றினின்று வேறான சொல்லாட்சியை அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் காணலாம். 11ஆம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த அக்கோயிலின் கருவறையில் ஏறத்தாழ 13 அடி உயரமுள்ள இலிங்கம் நிறுவப்பட்டுள்ளது. இலிங்கம் என்பதற்குக் குறி, அதாவது அடையாளம், என்பது பொருள். சைவ சித்தாந்தம் இறைவனின் நிலைகளை உருவம், அருவம், அருவுருவம் என மூன்றாகப் பகுத்து, கண்ணுக்குப் புலனாகியும் முகமும் கைகால்களும் இன்றி நிற்கும் இலிங்கத்தை அருவுருவம் என்று கூறும். இச்சொல்லும் கல்மரம் போலவே முரண்பட்ட இரண்டை இணைத்தது. எனினும் பின்னால் வரும் ஒரு விளக்கம் இம்முரணைத் தீர்த்துவைக்கும் என்ற எதிர்பார்ப்பு இங்கில்லை.

அதற்கான காரணத்தை 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டாரின் சிவஞானபோதம் ஆறாம் நூற்பாவில் ஆராய்கிறது. சுட்டியறியப்படும் பொருள்கள், அதாவது இது என்று அறிவால் பற்றப்படுபவை, மாறி அழிவன. அவை நிலையில்லாதவை என்னும் பொருளில் அசத்து எனப்படும். இறைவனும் அவ்வாறு அறியப்பட்டால் அவனும் அசத்தாவான். எவ்வகையாலும் அறியப்படாதவன் என்றால் முயற்கொம்பு போல இல்பொருளாவான். இவ்விரு முனைகளிலும் சிக்காமல், உயிரின் சுட்டறிவுக்கு எட்டாது அருளால் உணரப்படுபவன் என்பதே சித்தாந்தத்தின் முடிவு. அறியாமையை ஒப்புக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டதன்று இது; அறிதல் என்னும் செயலின் எல்லை எது என்று வரையறுத்த பின் எய்திய துணிபு.

அறியாமைக்கும் அறிதலின் எல்லைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அத்துவைதம் வேறொரு வழியில் காட்டுகிறது. கயிற்றில் தோன்றும் பாம்பு, தோன்றுவதால் இல்லாதது என்றும், ஞானத்தால் நீங்குவதால் உள்ளது என்றும் கூற இயலாதது. அதனை அநிர்வசனீயம், அதாவது இன்னதென்று சொல்லவொண்ணாதது, என்பர். அச்சொல் மாயைக்கு உரியது. அறிவு வந்ததும் அதற்கு வேலை முடிந்துவிடும். பிரமம் வாக்குக்கு எட்டாதது என்பது அவ்வாறு நீங்கும் நிலையன்று, பிரமத்தின் இயல்பு.

எனவே விளங்காமை இருவகைப்படும் என்பது தெளிவு: விளக்கத்துக்காகக் காத்திருப்பது ஒன்று; அறிபவனுக்கு முன்னால் அறிபொருளாக வந்து நிற்காமையால் எழுவது மற்றொன்று. கல்மரத்தின் புதிர் அவிழ்ந்தது கொண்டு அருவுருவமும் ஒருநாள் அவிழும் என்று முடிவு கட்டுவது முதல்வகையை இரண்டாவதன்மேல் ஏற்றுவதாகும். படுகையில் கிடைத்த கல்லைத் தெய்வச் செயல் என்று சொல்லி ஆய்வை நிறுத்துவதும் அதே பிழையின் மறுபக்கமே. ஒரு சொல் எவ்வகை விளங்காமைக்கு உரியது என்று முதலில் துணிவதே சமய ஆராய்ச்சிக்கும் நில ஆராய்ச்சிக்கும் பொதுவான ஒழுக்கமாகும்.