சேவல் இட்ட முட்டை

காக்னி என்னும் சொல் கிழக்கு இலண்டனின் உழைக்கும் மக்களையும் அவர்தம் பேச்சு வழக்கையும் ஒருசேரக் குறிப்பது. அதன் பொருள் பற்றி எழுந்த ஐயமும் அதற்குரிய விடையும் வருமாறு.

மாணாக்கன்: ஐயா, சீப்சைடு தெருவிலுள்ள புனித மேரி-லெ-போ தேவாலயத்தின் மணியோசை எட்டும் எல்லைக்குள் பிறந்தவரே காக்னியர் என்பர். 1941-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அம்மணிகள் அழிந்தன. 1961-இல்தான் மீண்டும் ஒலித்தன. இடையில் பிறந்தோர் காக்னியர் எனின் இலக்கணம் பொய்க்கும். அல்லர் எனின், அண்ணன் காக்னி, தம்பி அயலான் என ஒரே வீடு இரண்டாகும். இவற்றுள் எது கொள்வது?

ஆசிரியர்: தடை வலியது, விடையைச் சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும். இடைக்கால ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குச் 'சேவல் இட்ட முட்டை' என்பது பொருள் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். சேவல் முட்டையிடாது ஆதலின், சிறுத்துக் கோணிய முட்டை அவ்வாறு இகழப்பட்டது. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் அதனைத் துணிவற்றவனுக்கு வழங்கினார். 16-ஆம் நூற்றாண்டில் நாட்டுப்புறத்தார் நகரத்தாரை அச்சொல்லால் ஏளனம் செய்தனர். மணியோசையை எல்லையாக்கும் விளக்கமோ 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வருகிறது. 1617-இல் வெளிவந்த மின்ஷூவின் அகராதி அதனைப் பதிவு செய்தது. ஆகவே முட்டை முந்தியது, மணி பிந்தியது.

மாணாக்கன்: இப்பேச்சிலுள்ள எதுகைக் குழூஉக்குறி, அதாவது படிக்கட்டைக் குறிக்கும் 'ஸ்டேர்ஸ்' என்பதற்கு ஈடாக அதனோடு ஒலி இயையும் 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' என்பது போன்ற வழக்கு, திருடர் மறைமொழி என்கின்றனரே?

ஆசிரியர்: அஃது ஈண்டு வேண்டப்படாதது. முட்டைக்கு மீள்வோம். மணியோசை என்னும் எல்லை முட்டையின் ஓடு போன்றது. உள்ளிருக்கும் உயிர் பேச்சேயாகும். சொல்லின் முதலில் வரும் ஹகரத்தை விட்டொலித்தல், உயிரெழுத்துகளுக்கிடையே வரும் டகரத்துக்கு மாற்றாகக் குரல்வளையை ஒரு நொடி அடைத்தொலித்தல், 'திங்க்' என்பதை 'ஃபிங்க்' என்றல் ஆகியன அதன் அடையாளங்கள். இலண்டன் தொடக்கப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றி 1909-இல் எழுந்த மாநாட்டறிக்கை, இதனைத் தலைநகருக்குத் தகாத அண்மைக்காலச் சிதைவென்று இகழ்ந்தது. கோணல் முட்டை என்னும் பழைய வசையே அங்கு அறிஞர் உடையில் திரும்பி வந்தது. எனினும், பிறர் இட்ட வசைப்பெயரைத் தம் பெயராகவே ஏற்று, அதனைப் பெருமையாக்கிக் கொண்டோர் அம்மக்கள். 1666-இல் பெருந்தீ அத்தேவாலயத்தை எரித்தபோதும் அப்பெயர் எரியவில்லை; இரண்டாம் உலகப்போருக்குப்பின் குடும்பங்கள் பல எசெக்ஸ் மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தபோது, எந்த மணியும் எட்டாத ஊர்களில் அப்பேச்சு கேட்கத் தொடங்கியது. ஓடு உடைவது முட்டைக்கு அழிவாகலாம். குஞ்சுக்கு அதுவே பிறப்பு.

மாணாக்கன்: அவ்வாறாயின், அத்தம்பி?

ஆசிரியர்: அவன் பிறந்தபோது ஓய்ந்திருந்தது மணியே அன்றி அவன் தாயின் பேச்சன்று. ஆதலின் அவனும் காக்னியே.