பங்கீட்டில் ஒருவர் என்பவர் யார்?

பொதுவில் இருக்கும் ஒன்றைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது ஆளுக்கு எவ்வளவு என்பதை அறநூல்களும் சமயங்களும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கின்றன. ஆனால் அந்த அளவுக்கும் முன்பே முடிவாகிவிடும் வேறொன்று, அதாவது பங்கு பெறும் ஆள் என்று யாரை, எதைக் கணக்கில் கொள்வது என்பது, ஏற்கெனவே தெளிந்த செய்திபோல வாதத்துக்கு வராமலே போய்விடுகிறது. கணினி வலையமைப்புகளில் நெரிசலைக் கட்டுப்படுத்தும் முறையையும், புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினத்தின் கடலில் விசைப்படகும் நாட்டுப்படகும் நாட்களைப் பிரித்துக்கொண்ட முறையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பங்கைப் பிரிப்பதற்கு முன்பே, தலையெண்ணும் கணக்கிலேயே அநீதி நுழைந்துவிடுவது புலப்படும்.

இணையத்தில் செல்லும் எந்தச் செய்தியும் சிறுசிறு துண்டுகளாக நறுக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. அத்துண்டுகளுக்குப் பொதிகள் என்று பெயர். ஒரு கம்பியோ அலைவழியோ ஒரு விநாடியில் சுமக்கக்கூடிய தகவலின் அளவு அதன் பட்டையகலம் எனப்படும். பல ஊர்களிலிருந்து வரும் பொதிகள் ஒரே வழியில் நுழைய முயலும் சந்தியில் ரவுட்டர் என்னும் கருவி அவற்றை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்புகிறது. வரிசை நிரம்பிவிட்டால் பிறகு வரும் பொதிகளைக் கைவிட்டுவிடுகிறது. கைவிடப்பட்ட பொதியை அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார், எல்லாரும் அப்படியே செய்வார்கள், வழி மேலும் அடைபடும். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இதுதான் நடந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு சுமார் 400 கெஜமே. ஆயினும் விநாடிக்கு 32,000 பிட் என்ற வேகம் 40 பிட்டாக வீழ்ந்தது. எவரும் தீங்கு நினைக்கவில்லை, எந்தக் கருவியும் பழுதாகவில்லை. தத்தம் பொதியைக் கொண்டு சேர்க்க ஒவ்வொருவரும் முனைந்ததே அனைவரின் பொதிகளும் தேங்கக் காரணமாயிற்று.

இதற்கு மருந்து கண்டவர் வேன் ஜேக்கப்சன். 1988இல் அவர் வெளியிட்ட கட்டுரை முன்வைத்த ஒழுங்கு எளியது: பொதிகள் ஒழுங்காகச் சேர்ந்து ஒப்புகை திரும்பும் வரை அனுப்பும் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகலாம், ஒரு பொதி தொலைந்தது தெரிந்த உடனே அளவைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். மறு ஆண்டில் தா-மிங் சியூவும் ராஜ் ஜெயினும் இந்த வகை ஒழுங்குக்குள் ஒரு சமன்பாட்டு ஆற்றல் ஒளிந்திருப்பதைக் கணிதத்தால் காட்டினார்கள். நூறு அலகு கொள்ளும் வழியில் முன்பே வந்தவர் 80 அலகையும் புதிதாக வந்தவர் 20 அலகையும் பயன்படுத்துவதாகக் கொண்டால், நெரிசல் நேர்ந்ததும் இருவரும் பாதியாகி 40, 10 என்று நிற்பார்கள். அறுபதாக இருந்த இடைவெளி முப்பதாகிவிடும். பிறகு இருவரும் ஒரே அளவில் கூட்டிக்கொண்டு 65, 35 என்று வரும்போது மீண்டும் நெரிசல், மீண்டும் பாதி, இடைவெளி பதினைந்தாகும். யாரும் யாரிடமும் கேட்காமல், எவரும் தீர்ப்புச் சொல்லாமல், சில சுற்றுகளில் இருவரும் ஏறக்குறைய சமமாகிவிடுகிறார்கள். அதிகம் வைத்திருப்பவர் பாதியைக் கொடுக்கும்போது அதிகம் கொடுக்கிறார் என்ற ஒன்றே இதன் சூட்சுமம்.

திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்துக்கு அடுத்து வருவது அடக்கமுடைமை என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. நடுநிலையும் தன்னடக்கமும் அண்டை வீட்டு அறங்கள் என்பதற்கு இந்த வலையமைப்பு ஒரு புதிய சான்று. ஆனால் இதை அறம் என்று அழைக்கலாமா என்ற ஐயம் நியாயமானது. பாதியாகக் குறைத்துக்கொள்ளும் கணினிக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாது. அது காண்பது தன் பொதி தொலைந்ததை மட்டுமே, பிறர் தேவையை அன்று. அறிந்து விட்டுக்கொடுப்பதே ஈகை என்றால் இது ஈகையாகாது. எனினும் தன் கணினியில் இந்த ஒழுங்கை மாற்றி எழுதிக்கொண்டு பிறர் குறைக்கும் இடத்தையெல்லாம் தானே நிரப்பிக்கொள்வது திறமை உடைய எவருக்கும் எட்டாததன்று, அதைத் தடுக்க வலையமைப்பின் நடுவில் நெடுங்காலம் காவலரும் இருந்ததில்லை. அவ்வாறு செய்யாமல் பெரும்பாலோர் ஒழுங்கைக் காத்தார்கள் என்பதில்தான் அறம் இருக்கிறது. அது இயந்திரத்தின் அறமன்று, அதை எழுதியவர்களும் காத்தவர்களும் கடைப்பிடித்த அறம்.

இத்தனை அழகான ஒழுங்கிலும் ஒரு விரிசல் உண்டு. இங்கே சமமாவது ஒவ்வொரு இணைப்பும்; ஒவ்வொரு மனிதரும் அல்லர். இரண்டு கணினிகளுக்கிடையே ஒரு நேரத்தில் ஓடும் ஒரு பொதித்தொடரையே இங்கு இணைப்பு என்கிறோம். ஒருவர் ஒரே இணைப்பைத் திறந்து மின்னஞ்சல் படிக்கும்போது, பக்கத்தில் ஒருவர் கோப்பு இறக்கும் மென்பொருளால் ஐம்பது இணைப்புகளைத் திறந்தால், நெரிசல் விதி சற்றும் பிசகாமல் பின்னவருக்கு ஐம்பது பங்கு கொடுக்கும். பாப் பிரிஸ்கோ 2007இல் எழுதிய கட்டுரை, இணைப்புகளுக்கிடையே வேகத்தைச் சமப்படுத்துவதே நியாயம் என்ற நம்பிக்கையை ஒரு மதம் என்றே அழைத்து அதைக் கலைக்க முற்பட்டது. அவர் கேட்டது இரண்டு: கணக்கு ஏன் ஆளை விட்டு இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது ஏன் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது? நாள் முழுதும் வழியை அடைத்தவரும் மாலையில் ஒரு நிமிடம் வந்து போனவரும் அந்த ஒரு நிமிடத்தில் சமம் என்பது நியாயத்தின் தோற்றமே தவிர நியாயமன்று. அமர்த்தியா சென் 1979இல் ஆற்றிய உரையில், சமத்துவம் பேசும் எல்லாக் கொள்கைகளும் எதில் சமத்துவம் என்பதில்தான் வேறுபடுகின்றன என்று காட்டினார். வலையமைப்பு அதோடு இன்னொன்றையும் சேர்க்கிறது: எவற்றுக்கிடையே சமத்துவம் என்பது.

எவற்றுக்கிடையே என்பது தெளிந்த பிறகும் எவ்வளவு என்பது எளிதாகிவிடுவதில்லை. தலா நூறு அலகு கொள்ளும் மூன்று வழித்துண்டுகள் தொடராக இருக்க, ஒரு நெடும்பயணி மூன்றையும் கடக்க, ஒவ்வொரு துண்டிலும் ஒரு குறும்பயணி மட்டும் போய்வருவதாகக் கொள்க. மிகக் குறைவாகப் பெறுபவரின் பங்கை இயன்றவரை உயர்த்துவது என்ற விதிப்படி நால்வருக்கும் ஐம்பது ஐம்பது கிடைக்கும். ஜான் ரால்ஸ் 1971இல் நீதி பற்றி எழுதிய நூலின் நெஞ்சம் இந்தப் பக்கமே சாய்கிறது. நெடும்பயணி மூன்று பேரின் இடத்தை எடுப்பதைக் கணக்கில் கொண்டு ஃபிராங்க் கெல்லி 1990களில் வகுத்த விகிதமுறை நியாயப்படி அவருக்கு 25, மற்ற மூவருக்கும் 75. மொத்தம் பெருக வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் நெடும்பயணிக்கு ஒன்றுமில்லை, மூவருக்கும் நூறு நூறு. மூன்றும் பிழையற்ற கணிதம். ஆனால் மூன்றாவது விடையை நியாயம் என்று ஏற்க மனிதரின் மனம் இடம்கொடாது, அந்த மறுப்பு கணிதத்திலிருந்து வருவதன்று.

கோட்டைப்பட்டினத்துக்கு முன்னால் விரியும் பாக் நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது, இறாலும் நண்டும் கணவாயும் கொண்டது, குறுகியது. இழுவைமடியைத் தரையோடு இழுத்துச் செல்லும் விசைப்படகும், வலையைப் பரப்பிவிட்டுக் காத்திருக்கும் நாட்டுப்படகும் ஒரே இரவில் அங்கே இருந்தால் பரப்பிய வலை அறுபடும். வலை அறுபட்ட வீட்டில் கடன் ஏறும். 1970களில் தமிழகக் கடற்கரையெங்கும் மூண்ட இத்தகைய பூசல்களின் பின்னணியிலேயே 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் கரையை ஒட்டிய மூன்று கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்கியது. பாக் நீரிணைப் பகுதியில் இதற்கு மேலும் ஓர் ஏற்பாடு உண்டு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் மீன்வளத் துறையின் டோக்கன் பெற்று விசைப்படகுகள் புறப்படுவது இதன்படியே. வலையமைப்புப் பொறியியலாளர் இதைக் கண்டால், ஒரே வழியை நேரத்தால் பிரித்துக்கொள்ளும் முறை என்று உடனே அடையாளம் காண்பார்.

மூன்று நாள், நான்கு நாள் என்ற இந்தப் பிரிவு மேலோட்டத்தில் எளியவர் பக்கம் சாய்ந்தது போலத் தோன்றும். ஆனால் நாளை எண்ணியவர்கள் எதை எண்ணவில்லை என்று பார்க்க வேண்டும். நாலைந்து பேருடன் செல்லும் ஒரு விசைப்படகு ஒரு நாளில் அள்ளும் அளவும், இரண்டு மூன்று பேருடன் செல்லும் ஒரு நாட்டுப்படகு நான்கு நாளிலும் எடுக்கும் அளவும் ஒப்பிடத் தக்கவை அல்ல. நாளும் படகும் எண்ணப்பட்டன, குதிரைத்திறனும் மடியின் வாயகலமும் அந்தக் கணக்கில் வரவில்லை. ஐம்பது இணைப்பைத் திறந்தவரை விதி தண்டிக்காதது போலவே, ஒரு படகுக்குள் பல படகுகளின் வலிமையை அடைத்தவரையும் நாட்கணக்கு ஒரு படகாகவே பார்க்கிறது. இதைச் சொல்வது விசைப்படகுத் தொழிலாளர் மீது பழி போடுவதாகாது. பங்குக் கூலிக்குக் கடலுக்குப் போகும் அவர்களிலும் பெரும்பாலோர் படகுக்கு உரிமையாளர் அல்லர்.

கணக்கில் விடுபட்டவர் கடலின் மறுகரையிலும் இருக்கிறார். 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இந்நீரிணையில் இந்திய-இலங்கை எல்லைக்கோடு வரையப்பட்டது. பின்னர் இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடமாகாணத் தமிழ் மீனவர் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளால் நெடுங்காலம் கடலுக்குச் செல்ல முடியாமல் கிடந்தார்கள். அவர்கள் இல்லாத கடலில் தமிழக விசைப்படகுகள் பெருகின. 2009இல் போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது, புதிதாக வந்தவருக்கு முன்பிருந்தவர் பாதியை விட்டுக்கொடுக்கும் ஒழுங்கு எதுவும் அந்தக் கடலில் எழுதப்பட்டிருக்கவில்லை. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது; இடைக்காலத்திலும் பின்னரும் கைதுகளும் படகுப் பறிமுதலும் கோட்டைப்பட்டினத்துக் குடும்பங்கள் பலவற்றை நிலைகுலையச் செய்தன. இரு கரையிலும் தமிழ் பேசும் ஏழைகள் ஒருவரையொருவர் கணக்கில் காணாமல் போனதன் விலை இது. எந்த அரசின் கோப்பிலும் இதற்கு முழுக் கணக்கு கிடையாது.

கடலையும் கம்பியையும் ஒன்றெனக் கொள்வதும் தவறு. இன்று பிடிக்காத மீன் நாளை முட்டையிடும். இந்த விநாடியில் பயன்படுத்தாத பட்டையகலம் அப்போதே அழிந்துவிடும், அதைச் சேமித்து வைக்க இயலாது. ஆதலால் நெரிசல் இல்லாதபோது வலையமைப்பில் தன்னை ஒடுக்கிக்கொள்வதால் எவருக்கும் பயனில்லை. கடலிலோ பக்கத்தில் ஒரு படகும் தெரியாத இரவிலும் அடக்கம் தேவைப்படுகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடைக்காலம் இந்த வேறுபாட்டை உணர்ந்த ஏற்பாடு. கடலில் இல்லாத ஒருவருக்காக, அதாவது இன்னும் பிறக்காத மீனுக்காகவும் அதை நம்பி வரப்போகும் தலைமுறைக்காகவும், அது இடம் ஒதுக்குகிறது.

ராவுத்தர் அப்பா தர்கா அமைந்த கோட்டைப்பட்டினத்தில் இஸ்லாமியர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். அவர்களின் சட்ட மரபு, பொதுவில் இருப்பதைப் பங்கிடும் பிரச்சினையை நுட்பமாகத் தொட்டிருக்கிறது. நீர், மேய்ச்சல் நிலம், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் கூட்டாளிகள் என்பது நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்ற கருத்து. ஆற்றில் ஓடும் நீர் பொது, குடத்தில் முகந்த நீர் முகந்தவருடையது என்று சட்ட அறிஞர்கள் அதை வகைப்படுத்தினார்கள். மதீனாவில் ஓர் ஓடையின் நீர் குறித்து நபித்தோழர் ஸுபைருக்கும் அவருடைய அண்டைத் தோட்டக்காரருக்கும் எழுந்த வழக்கில், மேல்மடையில் இருப்பவர் தம் தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டுக் கீழ்மடைக்குத் திறந்துவிட வேண்டும் என்று தீர்க்கப்பட்டது. எவ்வளவு தேக்கலாம் என்பதற்குக் கணுக்கால் அளவு என்ற வரம்பைப் பின்னர் அறிஞர்கள் எடுத்துரைத்தார்கள். இத்தீர்ப்பு நீரைச் சமமாகப் பங்கிடச் சொல்லவில்லை. தேவை நிறைந்ததும் விட்டுவிடச் சொல்கிறது, விட்டுவிடுவதற்குக் கண்ணால் காணத்தக்க ஓர் அடையாளத்தையும் தருகிறது. கே. கே. ராமகிருஷ்ணன், சாலி ஃபிளாய்ட், டேவிட் பிளாக் ஆகியோர் 2001இல் வகுத்த நெரிசல் அறிவிப்பு முறையும் இத்தகைய அடையாளமே: வரிசை நிரம்பிப் பொதி தொலையும் முன்னரே ரவுட்டர் பொதியின் மேல் ஒரு குறியிட்டு, இனிக் குறைத்துக்கொள்க என்று சொல்லிவிடுகிறது.

யாரை எண்ணுவது என்ற கேள்வி கைபேசியிலும் எழுகிறது. இந்தியாவில் கைபேசித் தகவலின் நாள் வரம்பு சிம் ஒன்றுக்கு இவ்வளவு என்றே வகுக்கப்பட்டிருக்கிறது. ஐந்து பேருக்கு ஒரே கைபேசி உள்ள மீனவர் வீடும், ஆளுக்கு இரண்டு சிம் வைத்திருக்கும் வீடும் இந்தக் கணக்கில் சிம்களின் எண்ணிக்கையால் மட்டுமே வேறுபடுகின்றன. 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், பார்க்கும் பொருளைப் பொறுத்துத் தகவலுக்கு வெவ்வேறு விலை வைப்பதைத் தடை செய்தது. அது சரியான முடிவு, ஆனால் பொதிகளுக்கிடையே பாகுபாடு கூடாது என்பதோடு அது நின்றது. பொதிக்குப் பின்னால் இருக்கும் ஆட்களை எண்ணிய ஏற்பாடு ஒன்று பெருந்தொற்றுக் காலத்தில் வந்தது: 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி வீதம் தமிழக அரசு ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்குத் தகவல் அட்டைகளை வழங்க முன்வந்தது. அங்கே ஒருவர் என்பவர் மாணவர். சிம்மும் அல்ல, வீடும் அல்ல. பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.