பல்லில் தங்கிய ஊர்நீர்

உடல் ஓயாது மாறிக்கொண்டிருக்க, அதைத் தன்னுடையது என்று சொல்லும் ‘நான்’ மாறாமல் இருக்கிறதா என்னும் வினாவை முன்வைத்துப் பௌத்தரும் சைவ சித்தாந்திகளும் தமிழில் நெடுங்காலம் வாதிட்டனர். கணந்தோறும் தோன்றி அழியும் நிகழ்வுகளின் தொடர்ச்சியன்றி உயிர் என வேறொன்றில்லை என்றனர் பௌத்தர். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரமோ, ‘என் உடல்’ என்று கூறும் வழக்கையும் சான்றாகக் கொண்டு உடலுக்கு வேறாக உயிர் உண்டென நிறுவுகிறது. இருதரப்பும் உடலின் மாற்றத்தை ஒப்புக்கொண்டே வாதிட்டன. எது எவ்வளவு விரைவில் மாறுகிறது என்பதை அளக்கும் வழி 20ஆம் நூற்றாண்டில்தான் பிறந்தது.

அவ்வழி ஐசோடோப்பு; இலங்கைப் பாடநூல்கள் இதனைச் சமதானி என்னும். ஒரே தனிமத்தின் அணுக்களாயினும் கருவிலுள்ள நியூட்ரான்களின் எண்ணிக்கையால் எடை வேறுபடும் இவை, வேதிவினைகளில் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடப்பதால், உணவில் கலந்த அடையாளமாக உடலெங்கும் சென்றுவரும். நாஜி ஜெர்மனியை 1933இல் விட்டு நீங்கி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ருடால்ஃப் ஷோன்ஹைமர், கன ஹைட்ரஜனாகிய டியூட்டீரியத்தையும் நைட்ரஜன்-15ஐயும் இவ்வாறு கையாண்டார். உணவு எரிபொருள், உடல் நிலையான எந்திரம் என்று பலரும் கருதிய காலம் அது. அடையாளமிட்ட லூசின் என்னும் அமினோ அமிலத்தை வளர்ந்த எலிகளுக்கு ஊட்டியபோது, அதன் நைட்ரஜனில் பாதிக்கு மேல் சில நாட்களிலேயே உடற்புரதங்களில் சேர்ந்திருந்தது. எலிகளின் எடையோ கூடவில்லை. வந்ததற்கு ஈடாகப் பழையது வெளியேறியிருக்க வேண்டும் என்பது இதனால் துணியப்பட்டது.

சிட்னியின் தென்புறத்தில் லூக்கஸ் ஹைட்ஸ் அணு ஆய்வு வளாகத்தில், கனநீரில் நுண்ணுயிர்களை வளர்த்து டியூட்டீரியம் தாங்கிய மூலக்கூறுகளை இன்றும் ஆக்குகின்றனர். ஆக்ஸிஜனோடு இணைந்த ஹைட்ரஜன் சூழ்ந்துள்ள நீரின் ஹைட்ரஜனோடு எளிதில் இடம்மாறும்; கார்பனைப் பற்றியதோ, பெரும்பாலும் வினையொன்று பிணைப்பை முறித்தாலன்றி விலகாது. எளிதில் மாறுவது, நிலைத்து நிற்பது என்னும் இந்த வேறுபாடு மனிதருக்குள்ளும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் குடித்து வளர்ந்து, முதுமையில் மேற்குச் சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் வாழும் ஒருவரின் உடல்நீரில் பாதி ஏறத்தாழ 10 நாட்களில் புதுப்பிக்கப்படுவதால், அவருள் ஓடுவது இப்போது சிட்னிக் குழாய்நீரே. ஆனால் பல்லின் எனாமல் இளமையில் உருவானபின் புதுப்பிக்கப்படுவதில்லை. பிறந்த ஊர் நீரின் ஆக்ஸிஜன் ஐசோடோப்பு விகிதம் அதில் பதிந்தே இருக்கும்.

இங்கேதான் வினா கூர்மையடைகிறது. ஊர்நீரைக் காத்துவைத்திருக்கும் பல் ஊரை நினைப்பதில்லை. நினைவுக்கு இடமான மூளையிலோ, பெருமூளைப் புறணியின் நரம்புச் செல்கள் பிறப்பு முதல் நிலைத்தாலும், அவற்றின் நீரும் பெரும்பாலான புரதங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. எனவே நினைவைப் பழைய அணுக்களின் சேமிப்பு என்று விளக்க இயலாது. இது மெய்கண்டாரின் முடிபை மெய்ப்பிப்பதாகாது, ஏனெனில் அடையாளமிட்ட அணு பருப்பொருளை மட்டுமே பின்தொடரும். உடலை உடையவன் பருப்பொருள் அல்லன் என்பதே அவர் கூற்று. ஆயினும் ‘தொடர்ச்சி’ என்ற சொல்லோடு பௌத்தர் அமைந்துவிடவும் முடியாது. ஓடும் ஆறும் ஒரு தொடர்ச்சிதான். அதற்குத் தன் பழைய நீரைத் தேடும் ஏக்கம் இல்லை. குவேக்கர்ஸ் ஹில்லில் குழாயைத் திறந்து, கிணற்றடியை நினைக்கும் அம்முதியவருக்கு அது இருக்கிறது.