‘அப்படித்தான்’ என்னும் தீர்ப்பு

பேச்சு வராத பிள்ளையொன்று தன் தலையைச் சுவரில் மோதுகின்றது, இரவில் நித்திரை கொள்வதில்லை, சோற்றைத் தள்ளிவிடுகின்றது. “ஓட்டிசம் உள்ள பிள்ளை, அப்படித்தான்” என்கின்றனர் உறவினர். சிலவேளை வைத்தியரும் அதையே சொல்லிவிடுகின்றார். இந்த ‘அப்படித்தான்’ என்னும் சொல்லில் ஓர் அநீதி மறைந்திருக்கின்றது என்பதே நமது எண்ணம்.

ஓட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலுள்ள வேறுபாடு. சூத்தைப் பல்லும், காதுக் குத்தும், நாட்பட்ட மலச்சிக்கலும் அதன் பகுதிகளல்ல. அவை எந்தப் பிள்ளைக்கும் வரும் நோவுகள். இப்பிள்ளைக்கோ அவற்றைச் சொல்ல வாயில்லை, தலையை மோதுகின்றது.

வலிப்பு நோயோ ஓட்டிசம் உள்ளவர்களிடையே ஏனையோரிலும் அதிகமாகக் காணப்படுகின்றது. சிலருக்கு இளம் பராயத்திலேயே தொடங்கும். வேறு சிலருக்குப் பருவ வயதிலேதான் தலைகாட்டும். கைகால் உதறி விழுவது மாத்திரம் வலிப்பன்று. சில கணம் விழி நிலைத்து, கூப்பிட்டாலும் கேளாதிருப்பதும் வலிப்பாகலாம். ‘இவன் கூப்பிட்டால் திரும்பாதவன்தானே’ என்று வீட்டார் பழகிவிட்டமையால், அது கண்ணிற் படாமலே போய்விடுகின்றது. சுவீடன் நாட்டில் 2016ஆம் ஆண்டு வெளியான பெரியதோர் ஆய்விலே, இறந்துபோன ஓட்டிசம் உள்ளோரின் சராசரி வயது ஏறக்குறைய 54. ஏனையோரின் வயது 70. அறிவு வளர்ச்சிக் குறைவும் சேர்ந்திருந்தோர் 40 வயதளவிலேயே இறந்தனர். அவர்களது மரணங்களில் வலிப்பு பெரும் பங்கு வகித்தது.

ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கு உரியதைக் கொடுப்பதே நீதி என்று பழைய மெய்யியலாளர் வகுத்தனர். அழுகின்ற பிள்ளையிடம் “எங்கே நோகுது?” என்று கேட்பதும் அப்பிள்ளைக்கு உரியதே. பதில் சொல்ல இயலாத பிள்ளையிடமிருந்து அக்கேள்வியைப் பறித்துவிட எவருக்கு உரிமையுண்டு? பெற்றோர் களைத்துப்போயிருக்கின்றனர், பிள்ளை வைத்தியரைத் தொடவும் விடாது, இவை மெய்யான இடர்கள். தாயின் அன்புக் குறைவே ஓட்டிசத்துக்குக் காரணம் என்று சென்ற நூற்றாண்டின் நடுவிலே மேல்நாட்டு நிபுணர் சிலர் கூறிய பொய், பிழையென நிறுவப்பட்ட பின்னரும், வைத்தியர் முன்னே தாய்மாரின் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் இருக்கின்றது.

ஆயினும் ஓர் அப்பியாசக் கொப்பி போதும். பிள்ளை எத்தனை மணிக்குத் தலையை மோதியது, என்ன சாப்பிட்ட பின்னர், வயிற்றால் போய் எத்தனை நாள், எந்தக் கன்னத்தைப் பொத்தியது என்று இரண்டு கிழமைக்கு எழுதிக்கொண்டு போங்கள். பல்லையும் காதையும் வயிற்றையும் முதலிற் பார்க்கும்படி, தயங்காமல் கேளுங்கள்.